அண்ணனுக்கு வந்தது அந்த நோய் இல்லை

முதலாம் ஆண்டு நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். வீட்டில் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம். பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்கு இத்தனை வருடம் கழித்து வந்த தண்டனை இது. நான் எழுதுகிற ஆள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரிசையாக வரும் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ வெடிப்போ இருந்தால் எடுத்துத் தனியே போடுவது என் வேலை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே உறவினர்களும் நண்பர்களும் இதில் அலங்காரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். ஒரு வருடமாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், பஸ் ஸ்டாப்பில், யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இன்னா நோவும்மா உங்க அண்ணனுக்கு? நல்லாத்தானே இருந்தாரு?" என்கிறார்கள். குடல் அடைத்துக்கொண்டது என்று சொன்னால், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்கள். "அதுவா?" அது இல்லை என்கிறேன். தலையாட்டுகிறார்கள். நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்துவிடும். இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம் என்றுதான் இதை எழுதி, அச்சடித்து, உங்கள் கையில் கொடுக்கிறேன்.

அண்ணன் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில், பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வெகு காலம் கழித்து நான் பிறந்தேன். அதனால் அவர் எனக்குப் பாதி அப்பா. நிலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஏரி நிரம்பிய வருடம் விளையும், இல்லாவிட்டால் இல்லை. பிற்பாடு அதுவும் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது.

அண்ணன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அப்பா படுத்தார். முதலில் விட்டு விட்டு வயிற்று வலி வந்தது. பிறகு மலத்தோடு ரத்தம் போனது. அதன் பிறகு வயிறு மட்டும் பெருத்து உடம்பு வற்றிப்போனது. பெருங்குடலில் புற்று என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்த நோய்" என்பார்கள், அல்லது வெறுமனே "அது" என்பார்கள். பார்க்க வந்தவர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எங்கள் காதோடு நின்றுவிட்டது. அப்பா போன பிறகும் ஊரில் எங்கள் வீட்டுக்குப் "புத்து வூடு" என்ற பெயர் போகவில்லை. வடக்குப்பட்டில் எத்தனையோ வீடுகளுக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. எங்களுக்கு இது வாய்த்தது.

அண்ணன் படிப்பை விட்டார். டிராக்டர் ஓட்டினார், செங்கல் லாரி ஓட்டினார், கனரக லைசென்ஸ் எடுத்தார். கம்பெனிகள் வரிசையாக வந்தபோது ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்து, கடைசி வரை அதில்தான் இருந்தார். சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகள்தான் பெரும்பாலும் அவருடைய பயணிகள். தெற்கத்திப் பிள்ளைகள், அப்பா அம்மாவை விட்டு வந்தவர்கள். யார் எந்த நிறுத்தத்தில் ஏறுவார்கள் என்று முகத்தை வைத்தே அண்ணனுக்குத் தெரியும். ஒருத்தி வராவிட்டால் ஹாரன் அடித்துப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளிடம் "போன் போட்டுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுவார். வண்டியில் குமட்டல் வருகிற பிள்ளைகளுக்காக முன்பக்கம் ஒரு டப்பாவில் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார். பஸ் தாமதமானால் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் தாமதம் என்பதால், வழியில் இறங்க நேரக்கூடாது என்று காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவார். இதை எல்லாரும் கடமை உணர்ச்சி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் களைப்பாக இருக்கிறது.

அண்ணனை விளங்கிக்கொள்ள என் கல்யாணக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு முதலில் பார்த்த இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பெண் பார்த்து, பிடித்து, தாம்பூலம் மாற்ற நாள் குறித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் பெண்வீட்டைப் பற்றி விசாரிப்பது என்றால் நெடுஞ்சாலை டீக்கடைகளில்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கடையில் விசாரித்தபோது, தற்செயலாக அண்ணன் அதே கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அந்த வூட்ல புத்து கீது. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் வரும், பொறக்குற புள்ளைக்கும் வரும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணன் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த இடம் நின்றுபோனது. பிறகு சுங்குவார்சத்திரத்தில் மின்சாமான் கடை வைத்திருந்தவர், யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். ஆக எனக்கு அது நல்லதாகவே முடிந்தது. அண்ணனுக்கு முடியவில்லை. அந்தக் கடைப்பக்கம் அவர் பிறகு வண்டியை நிறுத்தியதே இல்லை.

அண்ணி வாலாஜாபாத் பக்கத்துப் பெண். அவர்களுக்கு ஒரே மகள், எங்கள் எல்லாருக்கும் பாப்பா. கல்லூரி முடித்து, நல்ல இடமும் அமைந்து, மாசி மாதம் நிச்சயமானது. அண்ணனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்ததும் அதே மாசியில்தான்.

வலி ஒரு தினுசாக வரும். தொப்புளுக்கு வலப்பக்கம் ஏதோ முறுக்கும். முகம் வெளுத்து, வியர்த்து, சுருண்டு படுத்துவிடுவார். சில நேரம் வாந்தியும் வரும். பிறகு சொல்லிவைத்தாற்போல் விட்டுவிடும். எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார். "கேஸுதான். டிரைவருங்களுக்கெல்லாம் இருக்கிறதுதான்" என்பார். வேளைக்குச் சாப்பிடாமல் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நிறைந்த இந்த ஊர்களில் வயிற்று வலி ஒரு வியாதியே இல்லை. அவருடைய பஸ்ஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோடா, சீரகத் தண்ணீர், ஓம வாட்டர் எல்லாம் வண்டியிலேயே கிடைத்தன.

ஒரகடம் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவர் குடல் வழித்துவிடுவதில் பேர் போனவர். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் அழுத்தி மேலிருந்து கீழே இழுப்பார். லாரியின் டியூபும் மனிதரின் குடலும் அவருக்கு ஏறக்குறைய ஒரே கணக்கு. "குடல் ஏறிகினு கீதுப்பா. எறக்கி வுட்டா சரியாப் பூடும்" என்றார். அவர் வழித்துவிட்ட கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிட்டது. அடுத்த முறையும் அப்படியே. ஊரே அவர் கைராசியைப் புகழ்ந்தது. பிறகுதான் அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். அண்ணனின் பெருங்குடலின் உட்புறச் சுவரில் ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குடல் அதைச் சாப்பாடு என்று நினைத்து முன்னால் தள்ளும். தள்ளும்போது கட்டி தன்னோடு குடலையும் இழுத்துக்கொண்டு போகும். சட்டைக் கையை உட்பக்கமாக மடித்து இழுப்பதுபோல, குடலுக்குள்ளேயே குடல் நுழைந்துகொள்ளும். அதுதான் அந்த வலி. பிறகு தானாகவே வெளியே வந்துவிடும். வந்ததும் வலி நிற்கும். யாரும் வழித்துவிடாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அது நின்றிருக்கும். பஞ்சர் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தார். அவருக்கும் இந்த மலர் போகிறது.

நிச்சயத்துக்குப் பிறகு அண்ணி வற்புறுத்தி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இதைச் சும்மா விடக்கூடாது, ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்திக் குடலைப் பார்க்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் அண்ணன் அண்ணியிடம் சொன்னது இது: "கல்யாணம் முடியட்டும். இப்பப் போயி ஸ்கேனு கீனுன்னு நின்னா, எவனாவது பாத்துட்டு அங்க போயி சொல்லுவான்."

அங்கே என்றால் சம்பந்தி வீட்டில். அண்ணனுக்குத் தன் வயிற்றில் இருப்பது என்ன என்று ஐயமே இல்லை. அப்பாவின் வயிற்றில் இருந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டால் அது வெளியே தெரியும். வெளியே தெரிந்தால் ஏதோ ஒரு டீக்கடையில் யாரோ பேசுவார்கள். மகளின் கல்யாணம் நிற்கும். தங்கைக்கு நடந்தது மகளுக்கும் நடக்கக் கூடாது. இவ்வளவுதான் அவர் கணக்கு. அண்ணியிடமும் இதை முழுதாகச் சொல்லவில்லை.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. வந்திருந்த எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, முகூர்த்த நேரத்துக்குச் சற்று முன்னால் அண்ணன் மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்திருந்தது. நான் மோர் கேட்டுப் போனபோது பார்த்தேன்.

"இன்னாண்ணா இது? வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"கம்முனு இரும்மா. தாலி ஏறட்டும். தோ, விட்டுடுச்சு பாரு" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மேடைக்குப் போனார். போட்டோக்களில் அவர் சிரித்தபடி இருக்கிறார். இந்த மலரின் அட்டையில் இருப்பதும் அன்று எடுத்ததுதான்.

கல்யாணம் முடிந்தால் போவதாகச் சொன்னவர், கல்யாணம் முடிந்ததும், "ஆடிச் சீர் போவட்டும்" என்றார். எங்கள் பக்கத்தில் முதல் வருடம் முழுவதும் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுவீடு, ஆடி, தலை தீபாவளி, தலைப் பொங்கல். ஒவ்வொன்றின் முடிவிலும் அண்ணன் ஆஸ்பத்திரியை வைத்தார், ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்ததற்குத் தள்ளினார். ஆடியில் மகளை அழைத்துவந்து புதுத்துணி எடுத்துக் கொடுத்து அனுப்பினார். "தீவாளி போவட்டும்." தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை உட்கார வைத்து எண்ணெய் கொடுத்து உபசரித்தார். அவர் மட்டும் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. "பொங்க சீர் குடுத்துட்டு நானே போயி அட்மிட் ஆயிடறேன். போதுமா?" என்று என்னிடம் சொன்னார். எடை நன்றாகக் குறைந்திருந்தது. நானும் என் கணவரும் மாறி மாறிச் சண்டை போட்டோம். அண்ணி அழுது பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பொங்கலுக்கு முன்னால் கார்த்திகை வந்தது. ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது வலி வந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வழக்கமாக உட்காரும் தூத்துக்குடிப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்ததைப் பார்த்து அவள் பயந்துபோய், "அண்ணே, வண்டிய ஓரமா போடுங்க. லேட்டானா ஆயிட்டுப் போவுது, நாங்க சொல்லிக்கிடுதோம்" என்றிருக்கிறாள். அண்ணன் திரும்பாமலே, "இருக்கட்டும்மா, தோ, கேட்டாண்ட போயிடலாம்" என்றாராம். கம்பெனி கேட்டில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இந்த முறை வலி விடவில்லை.

சாவு வீட்டில் இதைத்தான் எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். கடைசி நாள் வரைக்கும் ஒருத்தரையும் லேட் பண்ணாத மனுஷன் என்றார்கள். பேனரில்கூட அப்படி அடித்திருந்தார்கள். அன்பினால் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு அதில் பெருமை இல்லை, கோபம்தான் இருக்கிறது. அந்தப் பெண் சொன்னபோதே ஓரமாக நிறுத்தியிருக்கலாம். மாசியிலேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு பஸ் தாமதமாகப் போவதால் யாரும் செத்துவிட மாட்டார்கள். தயவுசெய்து இனி யாரும் அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டாம்.

கம்பெனி ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. வாயு கூடப் பிரியவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு, குடலுக்குள் குடல் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, உடனே திறந்தாக வேண்டும் என்றார்கள். அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்.

"அதுவாம்மா?" என்றார் டாக்டரம்மாவிடம். சின்ன வயதுக்காரர். அண்ணன் எதைக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கேன்சரான்னு கேக்கறீங்களா? ஒரு கட்டி இருக்குங்கய்யா. பெரியவங்களுக்கு இப்படி குடல் சொருகிக்கிட்டா அந்தச் சந்தேகமும் வரும். எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும். இப்ப அதை நினைக்காதீங்க. முதல்ல அடைப்பை எடுக்கணும்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அண்ணனுக்கு அது ஆமாம் என்றுதான் கேட்டிருக்கும்.

அவர் போனதும் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார். அண்ணி கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

"ரத்தம் போச்சும்மா, மூணு நாலு தபா. அப்பாவுக்குப் போன மாரியே. அப்பவே தெரியும் எனக்கு."

"சும்மா இருண்ணா. டாக்டரே இன்னும் சொல்லல."

"அதுவாத்தான் இருக்கும். பாப்பா மாமியார் வூட்டாண்ட சொல்லாத. கேட்டா குடலெறக்கம்னு சொல்லிடு. அத்த யாரும் ஒண்ணியும் நெனைக்க மாட்டாங்க." என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "சொல்றேன்னு சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். அதுதான் அண்ணன் என்னிடம் கடைசியாகப் பேசியது. தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். நானும் அண்ணியும் என் கணவரும் எழுந்து நின்றோம். "கட்டியை எடுத்தாச்சும்மா. ஒரு எலுமிச்சம்பழம் அளவு. வெட்டிப் பாத்தோம். உள்ள மஞ்சளா வெறும் கொழுப்பு. லேப்ல உறுதி பண்ணணும், ஆனா எனக்குத் தெரிஞ்சு இது கேன்சர் இல்ல. சாதாரணக் கொழுப்புக் கட்டி" என்றார். அண்ணி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு அழுதார். நான் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, "பாப்பா, ஒண்ணும் இல்ல, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்று கத்தினார். பக்கத்தில் காத்திருந்த யாரோ எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் அடங்கும் வரை நின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டிருந்த குடல் ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகிப்போயிருந்தது, அந்தப் பாகத்தை வெட்டி எடுத்தாகிவிட்டது, ஆனால் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார். கொஞ்ச நாள் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ சொல்ல வந்து, அண்ணியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அண்ணன் மயக்க மருந்திலேயே இருந்தார். மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. ஒருத்தர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அண்ணி என்னைப் போகச் சொன்னார். நான் போனேன். பேசுங்கள், சில பேருக்குக் காது கேட்கும் என்று நர்ஸ் சொன்னார். காதோடு குனிந்தேன். கல்யாணத்துக்கு வைத்த சாயம் போய் காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணா, அது இல்லண்ணா. வெறும் கொழுப்புக் கட்டியாம். டாக்டர் வெட்டிப் பாத்துட்டாங்க. அது இல்ல. பாப்பா வூட்ல ஒண்ணியும் மறைக்க வேணாம். கேக்குதா? அது இல்லண்ணா" என்றேன்.

இயந்திரம் முன்போலவே ஓடியது. நேரம் ஆகிவிட்டது என்று நர்ஸ் தோளைத் தொட்டார். சில நாட்கள் அப்படியே இருந்து, ஒரு மத்தியானம் அண்ணன் போய்விட்டார். பரிசோதனைக் கூடத்திலிருந்து சேதி வந்தது காரியம் முடிந்த பிறகுதான். டாக்டரம்மா சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். அப்பாவுக்கு வந்ததற்கும் அண்ணனுக்கு வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வழிவழியாக வருவதும் இல்லை. மாசியிலோ ஆடியிலோ போயிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். எதற்குப் பயந்து ஒளித்துவைத்தாரோ அது அவர் வயிற்றில் இருக்கவே இல்லை.

சாவு விழுந்த வீட்டில் பொங்கல் இல்லை என்பதால் அந்தத் தலைப் பொங்கல் சீர் போகவே இல்லை.

சம்பந்தி வீட்டாருக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. எங்கள் பாப்பா இப்போது உண்டாகியிருக்கிறாள். உங்கள் காதிலும் ஏதோ பேச்சு விழுந்ததாகவும், வீட்டில் பெரியவர்கள் ஒரு மாதிரி கேட்டதாகவும் அவள் சொன்னாள். அண்ணன் குடலிறக்கம் என்று சொல்லச் சொன்னார். பொய்க்குத் தேவை இல்லாமல் போனதால் உள்ளதை எழுதிவிட்டேன். இனி அவளிடம் கேட்க வேண்டாம். கேட்பதானால் என்னிடம் கேளுங்கள். அலுப்பாக இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அது இல்லை, அது இல்லை என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, ஒவ்வொரு தடவையும் அப்பா முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது. அப்பாவுக்கு வந்தது அதுதான். அதனால் அவர் என்ன குற்றம் செய்துவிட்டார்? உழைத்தார், எங்களை வளர்த்தார், நோய் வந்தது, போனார். வாசலில் நின்று விசாரித்த நீங்கள் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால், அண்ணன் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். இதை நான் யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது, அவ்வளவுதான்.

நன்றி சொல்லும் கடமை பாக்கி இருக்கிறது. நல்லது கெட்டது இரண்டையும் மறைக்காமல் பேசிய டாக்டரம்மாவுக்கும், தோளைத் தொட்ட நர்ஸுக்கும் நன்றி. அன்று ஷிஃப்டை விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறி, நாங்கள் வரும் வரை அண்ணனின் செருப்பையும் போனையும் மடியில் வைத்துக்கொண்டிருந்த தூத்துக்குடிப் பெண்ணுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும், பதினாறாம் நாள் வரை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தன் மாமியார் வீட்டிலும் தைரியமாகப் பேசிய எங்கள் பாப்பாவுக்கும், அவளுக்குத் துணையாக நின்ற மாப்பிள்ளைக்கும் நன்றி. பஞ்சர் கடைக்காரர் இப்போது வயிற்று வலி என்று யார் வந்தாலும் வழித்துவிடுவதில்லை, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுகிறாராம். அவருக்கும் நன்றி.

இந்த வருடம் முழுவதும் அண்ணி அண்ணனுக்கு என்ன நோய் என்று யாரையும் கேட்டதில்லை. என்னிடம் அவர் கேட்பது வேறு. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்பார்: "நீ காதாண்ட சொன்னியே, அவருக்குக் கேட்டிச்சா?" ஒவ்வொரு தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி மட்டும் சொல்கிறவள் நான் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப் போவதும் அண்ணிதான். அதனால் அதையும் அச்சில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணி, அண்ணனுக்குக் கேட்டது.